பதினாறில் ஆறு: ஐரானிக்கில் சர்வர் பதிவு நின்றுபோன ஒரு மாலை

வெறும் சர்வர்களைப் பதிவுசெய்து தயாராக்கும் ஐரானிக் என்ற மென்பொருளின் திரையில் மாலை ஐந்தரை மணிக்கு இருந்த நிலவரம் இது. மொத்தம் 16 சர்வர்கள். ‘மேனேஜபிள்’ (சிக்கல் இல்லை) என்று காட்டியவை 6. ‘என்ரோல்’ நிலையை விட்டு நகராதவை 3. மீதி 7-க்கும் ‘இன்ஸ்பெக்ட் ஃபெயில்டு’ (ஆய்வு தோல்வி). அந்த ஏழுக்கும் பிழைச் செய்தி ஒன்றேதான்: காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது.

செய்தி ஒன்று என்பதால் கோளாறும் ஒன்று என்று நினைத்துவிட்டோம். அந்த நினைப்பிலேயே அன்றைக்கு இரண்டு மணி நேரம் போனது. உண்மையில் அந்த ஏழுக்குப் பின்னால் மூன்று வேறு வேறு காரணங்கள் இருந்தன. என்ரோலில் நின்ற மூன்றுக்கு நான்காவதாக ஒரு காரணம். அவற்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தால், இன்னும் நகலெடுக்கப்படாத ஆய்வுத் தரவு ஒரு மெஷினிலிருந்து துடைத்து அழிக்கப்பட்டிருக்கும். இதை முழுதாக எழுதிவைக்க அதுவே காரணம்.

என்ன செய்ய முயன்றோம்

பழைய சர்வர் அறை ஒன்றைக் காலி செய்து, மெஷின்களைப் புதிய அறைக்கு மாற்றியிருந்தோம். இனிமேல் ஒவ்வொன்றிலும் பென்டிரைவ் செருகி இயக்குதளம் ஏற்ற வேண்டாம், எல்லாவற்றையும் ஐரானிக்கிடம் ஒப்படைத்துவிடலாம் என்பது திட்டம்.

ஐரானிக் என்பது ஓப்பன்ஸ்டாக் என்ற திறமூல கிளவுட் மென்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. விர்ச்சுவல் மெஷின் கேட்டால் கிடைப்பதுபோல, இயக்குதளம் எதுவும் ஏறாத வெறும் சர்வரையே கேட்ட மாத்திரத்தில் தயார்செய்து கொடுப்பது அதன் வேலை. தொடக்கத்தில், அதே குடும்பத்தில் விர்ச்சுவல் மெஷின்களைக் கவனிக்கும் நோவாவுக்குள் ஒரு டிரைவராக இருந்தது பிறகு தனித் திட்டமாகப் பிரிந்து, 2015-இல் கிலோ வெளியீட்டோடு ஓப்பன்ஸ்டாக்கின் முறையான அங்கமானது. ஓப்பன்ஸ்டாக்கின் மற்ற பகுதிகள் இல்லாமலும் அதைத் தனியாக ஓட்டலாம். நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

ஒரு சர்வரை அதில் சேர்ப்பது ஒரே கட்டளையில் முடிகிற வேலை இல்லை. முதலில் பெயர், பிஎம்சியின் (சர்வர் அணைந்திருந்தாலும் தொலைவிலிருந்து அதை இயக்க உதவும் தனிச் சிப்) முகவரி, கடவுச்சொல், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி (கார்டிலேயே பதிந்த தனி எண்) ஆகியவற்றைக் கொடுத்து ஒரு ‘நோட்’ உருவாக்குகிறோம். அது ‘என்ரோல்’ நிலையில் பிறக்கிறது. பிறகு ‘மேனேஜ்’ என்று சொன்னால் ‘வெரிஃபையிங்’ போகும். பிஎம்சியோடு பேச முடிந்தால் ‘மேனேஜபிள்’. முடியாவிட்டால் சத்தமில்லாமல் ‘என்ரோல்’ நிலைக்கே திரும்பிவிடும். காரணம் ‘லாஸ்ட் எரர்’ என்ற புலத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். அடுத்தது ‘இன்ஸ்பெக்ட்’: சர்வரை நெட்வொர்க் வழியாக எழுப்பி, நினைவகத்திலேயே ஓடும் சின்ன லினக்ஸ் (ராம்டிஸ்க்) ஒன்றை அதில் ஏற்றி, நினைவகம், டிஸ்க், கார்டுகள் எல்லாவற்றையும் எண்ணி அனுப்பச் சொல்வது. கடைசியாக ‘புரொவைடு’ என்றால் ‘கிளீனிங்’ நடந்து ‘அவைலபிள்’ ஆகும்.

இந்த என்ரோல் நிலை ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 2015 அக்டோபரில் வந்த லிபர்ட்டி வெளியீட்டில், ஏபிஐ (மற்ற நிரல்கள் ஐரானிக்கோடு பேசும் வாயில்) பதிப்பு 1.11-இல்தான் புதிய நோட்கள் என்ரோலில் பிறக்கத் தொடங்கின. அதற்கு முன்பு உருவாக்கிய கையோடு ‘அவைலபிள்’. கடவுச்சொல் தவறாக இருந்தாலும் பட்டியலில் ‘தயார்’ என்றே நிற்கும். அன்று எங்கள் மூன்று மெஷின்கள் என்ரோலில் மாட்டிக்கொண்டபோது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிலை இல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பிழை பல வாரம் கழித்து யாரோ ஒருவருக்கு அவசரமாக சர்வர் தேவைப்படும் நேரத்தில் வெளிப்பட்டிருக்கும்.

முதல் இரண்டு மணி நேரம்

ஏழு மெஷின்களும் நேரம் கடந்து தோற்றதால் நான் முதலில் செய்தது, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியது. ஐரானிக் இயல்பாக 1800 விநாடி, அதாவது அரை மணி நேரம் காத்திருக்கும். அதை 3600 ஆக்கினேன். பழைய மெஷின்கள், மெமரியைச் சோதித்து எழவே பல நிமிடம் எடுக்கும், அதனால் தாமதம் என்பது என் ஊகம். ஒரு மணி நேரம் கழித்து அதே ஏழும் அதே செய்தியோடு விழுந்தன.

அடுத்த சந்தேகம், நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ மேல். சுவிட்ச் போர்ட்டில் லிங்க் எழுந்ததும் ஸ்பேனிங் ட்ரீ 15 விநாடி கேட்டு, இன்னொரு 15 விநாடி கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பாக்கெட்டுகளை விடும். அதற்குள், சர்வரை நெட்வொர்க் வழியாக எழுப்பும் பிஎக்ஸ்இ பொறுமை இழந்துவிடும் என்பது சர்வர் அறைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் விளக்கம். நெட்வொர்க் பார்க்கும் மேடத்திடம் கேட்டேன்.

“இருங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றார். பிஎக்ஸ்இ விவரக்குறிப்பின்படி டிஎச்சிபியிடம் (நெட்வொர்க் முகவரி கொடுக்கும் சேவை) கேட்பவர் 4, 8, 16, 32 விநாடி என்று நான்கு முறை காத்திருக்க வேண்டும். மொத்தம் 60 விநாடி. ஸ்பேனிங் ட்ரீ எடுத்துக்கொள்வது 30. “லிங்க் கொஞ்சம் முன்னாடியே எழுந்திருக்கும். உங்க சர்வர் விதிப்படி நடந்தா கடைசி முயற்சியிலயாவது முகவரி கிடைச்சிருக்கணும். ஒண்ணுகூட எழலைன்னா காரணம் இது இல்ல.” அந்த ஒரு கணக்கு ஸ்பேனிங் ட்ரீயைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நானாக இருந்தால் எல்லா போர்ட்டிலும் அமைப்பை மாற்றி, மறுபடி ஒரு சுற்று ஓடவிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்திருப்பேன்.

யார் பேச வேண்டிய நேரம் இது?

அதற்குப் பிறகுதான் வேலையை நிறுத்திவிட்டு வெள்ளைப் பலகைக்குப் போனோம். அங்கே எழுதியது ஒரே கேள்வி: ஒவ்வொரு நிலையிலும் முதலில் வாய் திறக்க வேண்டியது யார்?

‘வெரிஃபையிங்’ நிலையில் பேசுவது நாம். ஐரானிக் பிஎம்சியிடம் “மின்சாரம் இருக்கிறதா?” என்று கேட்கிறது, பிஎம்சி பதில் சொல்கிறது. அங்கே பிழை வந்தால் பிழையைச் சொல்கிறவர் கையோடு கிடைப்பார்.

‘இன்ஸ்பெக்ட் வெயிட்’ நிலையில் உரையாடலின் திசை திரும்பிவிடுகிறது. ஐரானிக் மெஷினை எழுப்பிவிட்டு மௌனமாக உட்கார்ந்துவிடுகிறது. இனிப் பேச வேண்டியது மெஷின். அது தானாக எழுந்து, முகவரி கேட்டு, கோப்புகளை இறக்கி, லினக்ஸைத் துவக்கி, திரும்ப வந்து கதவைத் தட்ட வேண்டும். இந்தப் பயணத்தில் எங்கே விழுந்தாலும் ஐரானிக்குக்குத் தெரிவது ஒன்றுதான்: யாரும் வரவில்லை. ‘நேரம் முடிந்தது’ என்ற செய்தி காத்திருந்தவரின் நிலையைத்தான் சொல்கிறது. வராதவருக்கு என்ன ஆனது என்பதை வழியில்தான் விசாரிக்க வேண்டும்.

வழியில் நான்கு இடங்களில் மெஷினின் காலடித் தடம் விழும். டிஎச்சிபி சேவையின் பதிவேட்டில் முகவரி கேட்ட வரி. டிஎஃப்டிபி சேவையில் ஐபிஎக்ஸ்இ என்ற சின்ன பூட் நிரலை எடுத்த வரி. எச்டிடிபி சேவையில் கெர்னலையும் ராம்டிஸ்கையும் இறக்கிய வரி. கடைசியாக ஐரானிக் ஏபிஐயின் பதிவேட்டில், 6385 போர்ட்டில், ஆய்வுத் தரவு வந்து சேர்ந்த வரி.

இடையில் ஏன் டிஎஃப்டிபியிலிருந்து எச்டிடிபிக்கு மாறுகிறது என்று கேட்கலாம். டிஎஃப்டிபி 512 பைட் அனுப்பிவிட்டு, ‘கிடைத்தது’ என்று பதில் வந்த பிறகே அடுத்த 512-ஐ அனுப்பும் பழைய நெறிமுறை. துண்டு எண்ணுக்கு 16 பிட் மட்டுமே என்பதால், பழைய விதிப்படி சுமார் 32 எம்பிக்கு மேல் ஒரு கோப்பே போகாது. பல நூறு எம்பி ராம்டிஸ்குக்கு அது ஆகாது. அதனால் சின்ன நிரலை மட்டும் அதில் அனுப்பிவிட்டு, பெரியதை எச்டிடிபியில் இறக்குகிறோம்.

சரி, பலகையில் ஏழு வரிசை, நான்கு பத்தி. பதிவேடுகளைத் திறந்து டிக் போடத் தொடங்கினோம். பத்தே நிமிடம்தான் ஆனது.

5, 6, 7, 8: ஒரு டிக்கும் இல்லை. டிஎச்சிபி கேட்டதற்கே தடயம் இல்லை.

11, 12: நான்கு பத்தியிலும் டிக். வந்து தட்டியிருக்கின்றன. நாம்தான் உள்ளே விடவில்லை.

14: முதல் மூன்றில் டிக். ராம்டிஸ்கை முழுதாக இறக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு ஏபிஐ பக்கம் முறிந்துபோன டிஎல்எஸ் (மறையாக்க) இணைப்புகள் மட்டும், சில விநாடிகளுக்கு ஒன்றாக.

ஒரே செய்தியின் கீழ் ஒளிந்திருந்த ஏழு மெஷின்களும் மூன்று கூட்டமாகப் பிரிந்து நின்றன. இதை முதல் நிமிடத்திலேயே செய்திருக்க வேண்டும்.

பச்சை விளக்கு எரிந்தும் பேசாத நான்கு

5 முதல் 8 வரையிலான மெஷின்கள் ஒரே சுவிட்சில் இருந்தன. அறையில் இருந்த தம்பியைக் கூப்பிட்டேன். “அண்ணா, கேபிள் எல்லாம் சரியா இருக்கு, ரெண்டு பக்கமும் பச்சை லைட் எரியுது” என்றான். மெஷினின் திரையைத் தொலைவிலிருந்து பார்த்தால், சர்வரை எழுப்பும் அடிப்படை நிரலான யூஇஎஃப்ஐ ‘பிஎக்ஸ்இ-இ16’ என்று காட்டிவிட்டு அடுத்த பூட் வழிக்குத் தாவியது. ‘முகவரி தருகிறேன்’ என்ற பதில் எதுவும் டிஎச்சிபியிடமிருந்து வரவில்லை என்பது அதன் பொருள். அங்கே சர்வர் கேட்டிருக்கிறது, இங்கே டிஎச்சிபிக்குக் கேட்கவில்லை. நடுவில் இருப்பது சுவிட்ச் மட்டும்.

மேடம் சுவிட்சில் போர்ட் நிலையைப் பார்த்தார். லிங்க் எழுந்திருக்கிறது, ஆனால் போர்ட் ‘சஸ்பெண்டட்’. அந்தச் சுவிட்சின் அமைப்பு பழைய அறையிலிருந்து அப்படியே நகலெடுக்கப்பட்டது. அங்கே இந்த மெஷின்கள் இயக்குதளத்தோடு ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு கேபிளையும் எல்ஏசிபி மூலம் ஒரே குழாயாகச் சேர்த்திருந்தார்கள். எல்ஏசிபியில் இரு முனையும் ஒன்றுக்கொன்று அறிமுக பாக்கெட் அனுப்பிக்கொள்ள வேண்டும். எதிர்முனையிலிருந்து அது வராவிட்டால் சுவிட்ச் அந்தப் போர்ட்டை இடைநிறுத்தி வைக்கும். லினக்ஸ் ஏறிய சர்வர் அதை அனுப்பும். வெறும் சர்வரின் பிஎக்ஸ்இ அனுப்பாது, அதற்கு அந்த மொழியே தெரியாது. ஆகவே எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் கதவு திறக்காது. ஸ்பேனிங் ட்ரீ 30 விநாடியில் வழிவிடும், இது எப்போதும் விடாது. மேடம் போட்ட கணக்கு எவ்வளவு சரியானது என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

தீர்வு சுவிட்சில்தான். அறிமுக பாக்கெட் வராவிட்டால், பிஎக்ஸ்இ கார்டு இணைந்திருக்கும் போர்ட்டை மட்டும் தனிப் போர்ட்டாக நடத்து என்று ‘ஃபால்பேக்’ அமைப்பைச் சேர்த்தார். இயக்குதளம் ஏறிய பிறகு எல்ஏசிபி தானாகவே ஒட்டிக்கொள்ளும். நான்கு மெஷின்களையும் மறுபடி இன்ஸ்பெக்ட் செய்தோம். கால் மணி நேரத்துக்குள் நான்கும் மேனேஜபிள்.

2018-இல் வாழ்ந்துகொண்டிருந்த மெஷின்

14-ஆவது மெஷினின் திரையைத் திறந்தபோது ராம்டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஓடும் ஐரானிக்கின் ஏஜென்ட் நிரல் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஏபிஐயைத் தொட முயன்று தோற்றது. சொன்ன காரணம்: சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.

‘காலாவதியாகிவிட்டது’ என்று வந்திருந்தால் நாங்கள் சான்றிதழைத்தான் தோண்டியிருப்போம். ‘இன்னும் தொடங்கவில்லை’ என்பது வேறு கதை. அந்த வரியின் தொடக்கத்தில் அச்சாகியிருந்த தேதியைப் பார்த்தேன். 2018 ஜனவரி. எங்கள் சான்றிதழ் பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பு. அந்த மெஷின் இருக்கும் காலத்தில் அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. அதனால் அது ஐரானிக்கை நம்ப மறுத்தது. மறுத்தது நியாயம்தான்.

மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டிவைக்கும் வட்ட பேட்டரி செத்துப்போயிருந்தது. சிஆர்2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பெயரில் இருக்கும் எண்ணே அந்த அளவுதான். மின்சாரம் இணைந்திருக்கும்வரை அதன் தேவை தெரியாது. இடமாற்றத்தின்போது இந்த மெஷின் பல வாரம் மின் இணைப்பில்லாமல் அட்டைப்பெட்டியில் கிடந்தது. பயாஸ் தனக்குத் தெரிந்த ஆரம்பத் தேதிக்குத் திரும்பிவிட்டது. தம்பி அதைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்பினான். விளிம்பில் லேசாக வெளுத்த உப்புப் படலம் தெரிந்தது. பிறகு பிஎம்சியின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால், பேட்டரி மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை அங்கே ஏற்கெனவே பதிவாகியிருந்தது. 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.1. சர்வரைப் பதிவுக்குக் கொண்டுவரும் முன் அந்தப் பதிவேட்டை ஒருமுறை படிப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. இப்போது இருக்கிறது.

பேட்டரியை மாற்றியதும் மெஷின் எழுந்துவிட்டது. ஆனால் அதோடு நிறுத்த மனம் வரவில்லை. நாளைக்கு இன்னொரு மெஷினுக்கு இதே நடக்கும். ராம்டிஸ்கின் கெர்னல் வரியில், சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரின் முகவரியைக் கொடுத்தால், ஏஜென்ட் வேறு எதையும் தொடும் முன் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். அந்த வசதி ஏற்கெனவே இருந்தது. நாங்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தோம். நிரப்பினோம்.

24 எழுத்து

என்ரோலில் நின்ற 1, 2, 3 ஆகியவற்றின் கதை குறுகியது. அந்த மூன்றும் மற்றவற்றைவிடப் பழையவை. பிஎம்சியோடு பேச மீதி 13-க்கும் புதிய நெறிமுறையான ரெட்ஃபிஷ் டிரைவர், இவற்றுக்கு மட்டும் பழைய ஐபிஎம்ஐ. ‘லாஸ்ட் எரர்’ புலத்தில் ஐபிஎம்ஐ அமர்வை ஏற்படுத்த முடியவில்லை என்று இருந்தது. தம்பி உறுதியாகச் சொன்னான்: “பாஸ்வேர்டு சரிதான் அண்ணா, இப்பதான் பிஎம்சி பக்கத்துல லாகின் பண்ணிப் பார்த்தேன்.” அவன் சொன்னது உண்மை. உலாவியில் கடவுச்சொல் வேலை செய்தது.

இடமாற்றத்தின்போது எல்லாப் பிஎம்சிகளுக்கும் 24 எழுத்தில் புதிய கடவுச்சொல் வைத்திருந்தோம். ஐபிஎம்ஐ 2.0-இல் கடவுச்சொல்லுக்கு உள்ள இடம் 20 பைட், பழைய 1.5-இல் 16. வலைப்பக்கம் 24-ஐயும் மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. 623 போர்ட் வழியே வரும் ஐபிஎம்ஐக்கு அது பொருந்தவில்லை. 16 எழுத்தாகச் சுருக்கினோம், மூன்றும் உடனே மேனேஜபிள் ஆயின. பிறகு இன்ஸ்பெக்டும் சிக்கலில்லாமல் முடிந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடவுச்சொல்லைச் சுருக்கியது எனக்கு மனநிறைவு தரவில்லை. ஐபிஎம்ஐ 2.0-இன் அமைப்பே, உள்நுழையும் முன்பே கேட்பவருக்குக் கடவுச்சொல்லின் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட மறைவடிவம்) கொடுத்துவிடும். வெளியே எடுத்துப்போய் நிதானமாக உடைத்துப் பார்க்கலாம். அதனால் அந்த மூன்றின் பிஎம்சியையும் ஐரானிக் மட்டுமே தொடக்கூடிய தனி விலானுக்கு (பிரித்துவைத்த நெட்வொர்க்) அன்றிரவே மாற்றினோம்.

நீல விளக்கு

இனி 11-உம் 12-உம். இதைக் கடைசியாக எழுதுவதற்குக் காரணம், அன்று கடைசியாகப் புரிந்ததும் இதுதான், என்னை இன்றைக்கும் விடாததும் இதுதான்.

இரண்டும் முழுப் பயணத்தையும் முடித்து ஏபிஐ கதவைத் தட்டியிருந்தன. ஐரானிக் திருப்பி அனுப்பியிருந்தது. ராம்டிஸ்க் கொண்டுவரும் தரவு எந்த நோடுடையது என்று கண்டுபிடிக்க ஐரானிக் இரண்டு அடையாளங்களைப் பார்க்கும். ஒன்று நெட்வொர்க் கார்டுகளின் மேக் முகவரிகள். இன்னொன்று மெஷின் உள்ளிருந்தபடியே தன் பிஎம்சியிடம் கேட்டு எழுதிக் கொண்டுவரும் பிஎம்சி முகவரி. பதிவேட்டில் பார்த்தால், வந்த மெஷினின் மேக் ‘நான் 12’ என்றது, பிஎம்சி முகவரி ‘நான் 11’ என்றது. அடுத்து வந்தது அதன் நேர் எதிர். இரண்டு அடையாளமும் ஒத்துப்போகாததால் ஐரானிக் இரண்டையும் ஏற்கவில்லை.

கேபிள் மாறியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் பிஎம்சிகளுக்கு முகவரி கொடுப்பது டிஎச்சிபி, அதுவும் பிஎம்சியின் மேக் முகவரிக்கு ஒதுக்கி வைத்தது. கேபிளை எந்தப் போர்ட்டில் செருகினாலும் முகவரி மெஷினோடுதான் போகும். அப்படியானால் ஒதுக்கீட்டிலேயே பிழை.

ஐபிஎம்ஐ காலத்திலிருந்தே சர்வர்களில் ஒரு எளிய வசதி உண்டு: ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று முகப்பில் ஒரு விளக்கை எரியவிடுவது. ரேக்கில் ஒரே மாதிரி இருக்கும் மெஷின்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க வைத்தது. நோட் 11-இன் பிஎம்சி முகவரிக்கு அந்தக் கட்டளையை அனுப்பிவிட்டு, தம்பியை ரேக் முன் நிற்கச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“அண்ணா, 11-ல எரியல.”

“நல்லாப் பாருப்பா.”

“பார்த்துட்டேன் அண்ணா. கீழ 12-லதான் நீல லைட் மின்னுது.”

அவன் முகப்பில் இருக்கும் இழுப்புச் சீட்டை உருவினான். பல சர்வர்களின் முகத்தில் விரல் நகத்தால் இழுத்தால் வெளியே வரும் பிளாஸ்டிக் சீட்டு ஒன்று இருக்கும். சீரியல் எண், பிஎம்சியின் மேக், தொழிற்சாலைக் கடவுச்சொல் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இடமாற்றத்தின்போது யாரோ இரண்டு மெஷின்களின் சீட்டையும் முழுதாக உருவி, பட்டியல் எழுதிவிட்டு, மாற்றிச் செருகியிருக்கிறார்கள். அவன் இரண்டு சீட்டையும் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் சீரியலோடு ஒப்பிட்டுப் படித்துக் காட்டினான். இடம் மாறியிருந்தது உறுதி.

இதில் என்னை உறைய வைத்தது அடுத்த நினைப்பு. 12-ஆவது மெஷினின் டிஸ்கில் ஒரு ஆய்வுக் குழுவின் தரவு இன்னும் நகலெடுத்து முடியாமல் இருந்தது. அதனால் 12-ஐ இன்ஸ்பெக்ட் வரை மட்டும் கொண்டுபோய் நிறுத்துவது, 11-ஐ அன்றிரவே புரொவைடு செய்வது என்பது திட்டம். இன்ஸ்பெக்டின்போது ராம்டிஸ்க் டிஸ்கைப் படிக்கும், எதையும் எழுதாது. புரொவைடு அப்படியல்ல. அதில் வரும் கிளீனிங் டிஸ்கைத் துடைத்துவிடும், ஐரானிக்கில் அது இயல்பாகவே இயங்கும் நிலையில்தான் இருக்கும். முந்தைய பயனரின் தரவு அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு அது.

மேக் முகவரிகளைப் பட்டியலில் கொடுப்பது கட்டாயம் இல்லை. இன்ஸ்பெக்டே அவற்றைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் பலர் அந்தப் பத்தியை விட்டுவிடுவார்கள். நாங்களும் விட்டுவிடலாமா என்று பேசினோம். மேடம்தான் பழைய அறையின் டிஎச்சிபி பட்டியலில் அவை இருப்பதைப் பார்த்துவிட்டு, “இருக்கிறத எதுக்கு விடணும், போட்டுடுங்க” என்றார். விட்டிருந்தால் ஐரானிக்குக்குப் பிஎம்சி முகவரி ஒன்றுதான் அடையாளம். 12-ஆவது மெஷின் ‘நான் 11’ என்று வந்து நின்றிருக்கும், எல்லாம் பச்சையாக முடிந்திருக்கும், அன்றிரவு நான் நோட் 11-க்குப் புரொவைடு கொடுத்திருப்பேன். பழைய அறையிலிருந்து வந்த அந்த மேக் முகவரி, சீட்டோடு சம்பந்தம் இல்லாத வேறொரு கையால் எழுதப்பட்டது. அதனால்தான் சீட்டின் பிழையை அது காட்டிக்கொடுத்தது.

சீட்டுகளை உரிய இடத்தில் செருகி, டிஎச்சிபி ஒதுக்கீட்டைத் திருத்தி, இரண்டு நோடுகளையும் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினோம். அழிக்காமல் முகவரியை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் பாதி உண்மையும் பாதி பிழையுமாக இருக்கும் பதிவின் மேல் எதையும் கட்ட எனக்கு விருப்பமில்லை. இரவு பத்தேகாலுக்கு 16-உம் மேனேஜபிள்.

இப்போது ஒவ்வொரு புது மெஷினுக்கும் மேனேஜபிள் ஆனதும் விளக்கை எரியவிட்டு, அறையில் இருப்பவர் அதைக் கண்ணால் பார்த்து, பின்பக்க ஸ்டிக்கரின் சீரியலைப் படித்துச் சொன்ன பிறகே புரொவைடு. இன்ஸ்பெக்ட் கொண்டுவந்த தரவிலும் அதே சீரியல் இருக்கிறதா என்று இங்கிருந்து ஒருவர் ஒப்பிடுகிறார். ஒரு மெஷினுக்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

12-க்கு மட்டும் அன்று புரொவைடு கொடுக்கவில்லை. ஆய்வுக் குழுவினர் தரவை நகலெடுத்து, திறந்து சரிபார்த்து, எழுத்தில் சம்மதம் கொடுத்தது நான்காம் நாள். விளக்கை எரியவிட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ரேக்கிலிருந்து படம் எடுத்து அனுப்பினான்: நீல விளக்கு, அதன் பக்கத்தில் பாதி இழுத்த சீட்டு, அதில் சீரியல் எண். திரையில் இருந்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். போனில் அவனும் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்து ஒருமுறை வாசித்தான். அப்புறம் புரொவைடு கொடுத்தேன்.